கோதுமை அறுவடையில் முயல் சுடுவது: கம்பைன் ஓடும் வயலில் துப்பாக்கி எதற்கு?

லிங்கன் டிராக்டர்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் பண்ணை வேலை பார்ப்பவர்கள், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள், அதனால் நேராகவே கேட்கிறேன். கம்பைன் (பயிரை அறுத்துத் தானியத்தைப் பிரிக்கும் பெரிய அறுவடை இயந்திரம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே வயலைச் சுற்றி ஆட்களை நிறுத்தி முயல் சுடும் வழக்கம் இனியும் தேவையா? தேவையில்லை, உடனே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. முயலே சுடக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நான் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணையில் அறுவடைக் காலத்துக்கு தானிய டிரெய்லர் ஓட்டுகிறேன். ஜூலையில் பார்லி, அப்புறம் ரேப்சீட், ஆகஸ்டில் கோதுமை. கம்பைன் முதலில் வயலின் ஓரத்தைச் சுற்றி அறுத்துவிட்டு உள்ளே வரும். சத்தம் கேட்டு ஓரத்து முயல் சில வேலிப் பக்கம் ஓடிவிடும், சில உள்ளே போய்ப் பயிருக்குள் பதுங்கும். அறுக்க அறுக்க நிற்கிற பயிர் சுருங்கும். கடைசியில் நடுவில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சும்போது அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாயும். அதற்காகத்தான் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள்.

போன ஆகஸ்டில் கடைசிப் பட்டை அறுக்கும்போது நான் கம்பைனுக்குப் பக்கவாட்டில் டிராக்டரை ஓட்டிக்கொண்டே தானியம் வாங்கிக்கொண்டிருந்தேன். முயல் ஒன்று இரண்டு வண்டிக்கும் இடையில் பாய்ந்தது. எதிர்ப்பக்கம் நின்றவர் துப்பாக்கியை அதன் கூடவே திருப்பிச் சுட்டுவிட்டார். கேபின் கண்ணாடியில் மணல் அள்ளி எறிந்த மாதிரி ரவை, அதாவது துப்பாக்கியின் பொடிக் குண்டுகள், விழுந்தது. தூரம் அதிகம் என்பதால் கண்ணாடி உடையவில்லை. வெயிலுக்காகக் கதவைத் திறந்து வைத்து ஓட்டும் வழக்கம் பலருக்கு உண்டு, அன்று நான் மூடியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். சுட்டவர் கெட்ட மனிதர் இல்லை, வருடக்கணக்கில் சுடுபவர். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணில் முயல் மட்டும்தான் இருந்தது, நான் இல்லை.

பண்ணையில் இதைப் பேசினால் "காலம் காலமாக நடப்பதுதானே" என்கிறார்கள். இந்த வருட அறுவடைக்கு முன்னால் ஒரு ஏற்பாடு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கென்ட் காணி:

தம்பி, உங்களுக்கு நடந்தது பெரிய விசயம், அதைச் சின்னதாக்க மாட்டேன். ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேணும். நான் கென்ட்டுக்கு வந்து கன காலம், ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) லைசென்ஸ் இருக்கு, பக்கத்துப் பண்ணைகள் மூன்றில் அனுமதி இருக்கு. அறுவடை நாளில் கூப்பிடுவார்கள், போவேன்.

இந்த வழக்கம் கம்பைனுக்கு முந்தினது. குதிரையும் பிறகு டிராக்டரும் இழுத்த கதிர் கட்டும் இயந்திரம் ஒரு தரத்துக்கு ஐந்தாறு அடிதான் அறுக்கும், ஒரு வயல் முடிய முழுநாள் போகும். ஊர்ப் பொடியங்கள் எல்லாம் தடியோடும் நாயோடும் சுற்றி நிற்பார்கள். கூலியாட்களின் வீட்டுக்கு அன்றைக்கு இறைச்சி அதுதான். யுத்த காலத்தில் ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் ரேஷன் இருந்தது, முயலுக்கு இல்லை. எனக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர், இப்போது இல்லை, சின்ன வயதில் அறுவடை வயலில் பிடித்த முயலைத் தடியில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லும்போது முகமே மாறிப்போகும்.

கமக்காரனுக்கும் காரணம் இருக்கு. பயிர் நிற்கும் மட்டும் முயல் கண்ணில் படாது. முழங்காலுக்கு மேல் கோதுமை நிற்கும்போது எதைச் சுடுவது? அறுக்கிற நாள்தான் அது வெளியே வருகிற நாள். 1954ஆம் ஆண்டின் பீடைச் சட்டப்படி நிலத்தை வைத்திருப்பவர்தான் தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்த வேணும், இல்லாவிட்டால் பக்கத்து வயலுக்குச் சேதம் வராமலாவது தடுக்க வேணும். அது கடமை, விருப்பம் இல்லை.

ஆட்களை ஒழுங்காக நிறுத்தினால் ஆபத்து இல்லை என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் ஒரே பக்கம், கம்பைனுக்குப் பின்னால், முயல் தன் வரிசையைத் தாண்டி வெளியே போன பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வர வேணும். உங்கள் இடத்தில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். பிழை அங்கேதான்.

ரெடிங் ரவா:

நான் சென்னைக்காரன், விவசாயம் தெரியாது, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். ஒரு முயல் என்ன பெரிதாகத் தின்றுவிடும்? அதுவும் கோதுமை முற்றி அறுக்கிற நாளில் சுட்டு என்ன லாபம், தின்ன வேண்டியதை எல்லாம் தின்று முடித்திருக்குமே?

லிங்கன் டிராக்டர்காரன்:

ரவா அண்ணா, நான் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றிச் சொன்னதை நீங்கள் ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். அதுதான் விஷயமே.

முயல் சேதம் செய்வது கதிர் முற்றும்போது இல்லை, நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும். இங்கே கோதுமை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் விதைப்பது. குளிர்காலத்தில் நான்கு விரல் உயரம் பச்சையாக நிற்கும்போது வேறு புல் வளராது, அப்போது முயல் வந்து ஒட்ட மேய்ந்துவிடும். போய்ப் பார்த்தால் வேலியை ஒட்டி அரைவட்டமாகத் தெரியும்: வளை இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட வெறும் மண், தள்ளிப் போகப் போகப் பயிர் உயர்ந்துகொண்டே போகும். தாளைப் பிடுங்கிப் பார்த்தால் நுனி கத்தியால் சாய்வாகச் சீவியது போல் இருக்கும், நத்தை தின்றால் நார் நாராகக் கிழிந்திருக்கும். பக்கத்திலேயே பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாகக் காய்ந்த புழுக்கை. ஒரு தடவை மேய்ந்தால் பயிர் தழைத்துவிடும். திரும்பத் திரும்ப மேய்ந்தால் தூர் கட்டாது, அந்த இடத்தில் களை ஏறும், அறுவடையின்போது மற்ற இடம் முற்றியிருக்க ஓரம் மட்டும் பச்சையாக நிற்கும். பச்சைத் தானியம் கலந்தால் ஈரப்பதம் ஏறி உலர்த்தும் செலவும் கூடும். ஆக, சேதம் உண்மைதான், கமக்காரர்கள் வீணாகப் புலம்பவில்லை.

ஆகஸ்டில் பயிருக்குள்ளிருந்து பாய்கிறவற்றில் பெரும்பங்கு அந்த வருடக் குட்டிகள். நரி, மரநாய், பருந்து, நோய், குளிர் என்று எப்படியும் பெரும்பாலானவை குளிர்காலம் தாண்டாது. பெண் முயல் சினையாகி ஒரு மாதத்தில் ஈனும், ஈன்ற கையோடு மறுபடி சினையாகும், வசந்தம் முழுக்க இப்படியே போகும். ஜனவரி, பிப்ரவரியில் ஈற்றுக்கு முன்னால் ஒரு தாயை எடுப்பதும் ஆகஸ்டில் ஒரு குட்டியை எடுப்பதும் கணக்கில் ஒன்றாகாது. கென்ட் அண்ணா, நீங்கள் கடமை என்று சொன்னது சரிதான். அந்தக் கடமையை அறுவடை நாளில் செய்வதால் மார்ச் மாதப் பயிர் பிழைப்பதில்லை என்கிறேன் நான். கம்பைன் ஓட்டுபவருக்கும் டிரெய்லர் ஓட்டுபவருக்கும் ஆபத்தை வைத்துக்கொண்டு, பலன் குறைவான நாளைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

தைம் மேட்டுக்காரி:

சூழலியல் வேலையில் இருக்கிறேன், நார்ஃபோக், சஃபோக் பக்கம். இரண்டு பேரும் முயல் பெருகிக்கொண்டே போவதாக வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், இன்றைய நிலை அப்படி இல்லை. 1990களின் நடுவிலிருந்து பார்த்தால் பிரிட்டனில் முயல் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. முயலைக் கொல்லும் இரத்தக்கசிவு வைரஸ் நோய் 1992இல் இங்கே வந்தது, அதன் இரண்டாவது வகை வந்த பிறகு சில இடங்களில் வளைகள் மொத்தமாகக் காலி. இந்த விலங்கின் சொந்த மண்ணான ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அது இப்போது அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஐபீரிய லிங்க்ஸ் பூனை உயிர் வாழ்வதே முயலை நம்பித்தான்.

முயல் இங்கே நார்மன்கள் காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் கொண்டுவந்து வளர்த்த விலங்கு, அதனால் "இந்த மண்ணுக்கு உரியதில்லை" என்று வாதாடுவார்கள். ஆனால் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்தில் நிலம் அதற்குப் பழகிவிட்டது. 1953இல் மிக்ஸோமடோசிஸ் என்ற இன்னொரு முயல் வைரஸ் நோய் கென்ட்டில் இறங்கி இரண்டே வருடத்தில் நாட்டு முயலில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்தபோது கமக்காரர்கள் மகிழ்ந்தார்கள், விளைச்சலும் கூடியது. ஆனால் மேய ஆள் இல்லாமல் சுண்ணாம்பு மேடுகளில் புல் உயர்ந்தது. குட்டைப் புல்லில் வெயில் படும் மண்ணில்தான் ஒரு வகைச் சிவப்பெறும்பு கூடு கட்டும், அந்த எறும்பின் கூட்டுக்குள்தான் பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு வளரும். புல் உயர, மண் குளிர, எறும்பு போனது. எறும்போடு 1979இல் அந்த வண்ணத்துப்பூச்சியும் பிரிட்டனில் இல்லாமல் போனது. ஜெரெமி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்த நேரத்தில் மிஞ்சியவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. அப்புறம் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். நார்ஃபோக், சஃபோக் எல்லையில் உள்ள பிரெக்லண்ட் பகுதியில் இப்போது முயல் பெருகட்டும் என்று சுள்ளிக் குவியல் போட்டு மறைவிடம் அமைத்துக் கொடுக்கிறார்கள், அது உங்கள் கோதுமை வயலிலிருந்து அதிக தூரமில்லை.

அதனால் என் வேண்டுகோள்: பண்ணையில் உண்மையில் எத்தனை முயல் இருக்கிறது, எந்த ஓரத்தில் சேதம் என்று குளிர்காலத்தில் நடந்து பாருங்கள். சேதமே இல்லாத வயலில் அறுவடை நாள் என்பதற்காக மட்டும் சுட வேண்டாம்.

இன்னொன்று, கடைசிப் பட்டையில் பாய்வது முயல் மட்டும் இல்லை. குழிமுயல் (ஆங்கிலத்தில் hare, முயலின் உறவான வேறு விலங்கு) இருக்கும், காடை இருக்கும், கார்ன் பண்டிங் என்ற வயல் குருவி தாமதமாகக் கட்டிய கூடு இருக்கும். குழிமுயல் வளை தோண்டாது, பயிருக்குள் தரையிலேயே படுத்திருக்கும், குட்டியும் அங்கேயே. ஜூலை, ஆகஸ்டில் தாய்க் குழிமுயலைச் சுட்டால் எங்கோ ஒரு ஓரத்தில் அதன் குட்டி பட்டினியில் சாகும். தூசியில், ஓட்டத்தில், அரை நொடியில் எது முயல் எது குழிமுயல் என்று பார்த்துச் சுடுவதாக யார் உறுதி தர முடியும்?

மாலி கோதுமைக்காரர்:

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன், விக்டோரியா மாநிலத்தில் மாலி பக்கம். இங்கே அறுவடை நவம்பர், டிசம்பர். அக்கா சொன்னது இங்கிலாந்துக்குப் பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது. இங்கே முயல் வந்தேறி, நிலத்தைத் தின்று தீர்த்த விலங்கு. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் விக்டோரியாவில் பார்வன் பார்க்கில், வேட்டைப் பொழுதுபோக்குக்கு என்று இங்கிலாந்திலிருந்து இறக்கிவிட்டது, ஐம்பது, அறுபது வருடத்தில் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901இல் தொடங்கி 1907இல் முடித்த வேலி, முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல், வேலை முடிவதற்குள் முயல் அந்தப் பக்கம் போய்விட்டது.

எங்கள் அனுபவத்தில் ஒரு விஷயம் கல்லில் எழுதியது: துப்பாக்கியால் முயலை யாரும் ஜெயித்ததில்லை. 1950இல் மிக்ஸோமடோசிஸ் தரும் மிக்ஸோமா வைரஸை விட்டபோதும், 1995இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் சோதனையில் இருந்த, இரத்தக்கசிவு நோய் தரும் கலிசிவைரஸ் தப்பிப் பரவியபோதும்தான் எண்ணிக்கை விழுந்தது. விழுந்த கையோடு வளையை அழிக்காத இடங்களில் மிஞ்சியது மறுபடி ஏறியது. முயலுக்கு உயிரே வளைதான். கோடை முடிவில், மண் காய்ந்து முயல் குறைவாக இருக்கும்போது, டிராக்டரின் பின்னால் நீண்ட இரும்புக் கொழுவை மாட்டி வளையைக் குறுக்கும் நெடுக்குமாக ஆழ உழுது இடித்துவிடுவோம். அதன் பிறகு மிஞ்சும் ஒன்றிரண்டுக்குத்தான் துப்பாக்கி. இங்கே இது சட்டப்படி நிலக்காரர் பொறுப்பு. குயின்ஸ்லாந்தில் வீட்டில் முயல் வளர்ப்பதே குற்றம், அந்த அளவுக்குப் பயம்.

அறுவடை நேரத்தில் சுடுவது எங்கள் பக்கம் வேறொரு காரணத்துக்காகவே கிடையாது, தீ. நாற்பது டிகிரி வெயில், காய்ந்த தாள், காற்று. கம்பைன் பேரிங் சூடானாலே வயல் பற்றிக்கொள்ளும். தீத்தடை அறிவித்த நாளில் சில மாவட்டங்களில் அறுவடையையே நிறுத்துவோம், அதில் யாராவது துப்பாக்கியோடு வந்தால் அண்டை வீட்டுக்காரரே விரட்டுவார்.

பாயிண்ட் 22:

லிங்கன் தம்பிக்கு முழு ஆதரவு. நான் ரைஃபிள்காரன், நாட்டிங்ஹம் பக்கம். கென்ட் அண்ணா சொல்கிற "ஒரே பக்கம் நின்று, வெளியே போன பிறகு சுடு" என்பது காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் முயல் நேராக ஓடாது. வெட்டுப்பகுதிக்கு முன்னால் பாய்ந்து, திரும்பி, சக்கரத்தடியில் நுழைந்து, மறுபடி பயிருக்குள் போகும். 12 போர் ஷாட்கன்னில் 6ஆம் எண் ரவை முயலைச் சுத்தமாகக் கொல்வது முப்பது, முப்பத்தைந்து மீட்டர் வரைக்கும்தான், ஆனால் அந்த ரவை 200 மீட்டருக்கு மேலும் போகும். அந்தத் தூரத்தில் ஆளைக் கொல்லாமல் இருக்கலாம், கண்ணை எடுக்கும். ஆகஸ்ட் தூசியில் 200 மீட்டருக்கு யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? பாதையில் நாயோடு நடந்து போகிறவர்கள் வேறு.

ரைஃபிள் பற்றிப் பேச்சே வேண்டாம், கம்பைன் பக்கத்தில் அதை எடுக்கவே கூடாது. பாயிண்ட் 22 என்ற சின்ன ரைஃபிளின் தோட்டாவே ஒன்றரை மைல் போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். அறுத்த தரையில் சின்னக் கல்லில் பட்டால் உய்ய்ங் என்று தெறித்து எந்தத் திசையிலும் போகும், கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பாயிண்ட் 17 ஹெச்எம்ஆர் தோட்டா லேசானது, வேகமானது, பட்டதும் உடைந்துவிடும், தெறிப்பது குறைவு. அதுவும் பின்னால் மண்மேடு இருந்தால்தான்.

அறுவடைக் காலத்தில் முயல் சுட நல்ல நேரம் எது தெரியுமா? அறுத்து, வைக்கோல் கட்டி, வண்டியெல்லாம் போன பிறகு வருகிற வாரம். சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் முயல் வேலியிலிருந்து அறுத்த பயிரின் தாளுக்குள் வரும், சிந்திய தானியமும் தாளடியில் துளிர்க்கும் பச்சையும் அதற்குப் பிடிக்கும். நீங்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மேட்டு ஓரத்தில் படுத்திருக்கிறீர்கள், குழல் கீழ்நோக்கி இருக்கிறது, முயல் உட்கார்ந்திருக்கிறது, ஓடவில்லை. காது இரண்டும் தாளுக்கு மேலே தெரியும், வெயில் பின்னால் இருந்தால் காதில் ஓடும் இரத்த நாளம் வரை தெரியும். வயது தெரியும், குழிமுயலா என்று தெரியும், நோய்ப்பட்டதா என்று தெரியும். தலையில் ஒரே தோட்டா. ஓடுகிற முயலைச் சுட்டுப் பின்காலில் பட்டு அது வளைக்குள் போய்ச் சாவதைவிட இதுதான் அந்த உயிருக்குச் செய்கிற மரியாதை.

கொங்கு கடலை:

அண்ணே, நான் ஈரோடு பக்கம். எங்க கடலைக்காட்டிலும் முயல் வருது, செடியை நறுக்கிப் போடுது. ஏர் கன் இருக்கு, ராத்திரி ஹெட்லைட் போட்டா நின்னு பார்க்கும். இதையே இங்கே செய்யலாமா?

பாயிண்ட் 22:

செய்யவே கூடாது, தம்பி. நம்மூர்க் காட்டு முயல் வேறு விலங்கு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. உங்கள் சொந்தக் காட்டில் இருந்தாலும், ஏர் கன்னாக இருந்தாலும், கண்ணி வைத்தாலும் வேட்டைக் குற்றம்தான். இங்கிலாந்தில் வளை முயலுக்கு நிலக்காரருக்கு உள்ள உரிமை அங்கே கிடையாது. சேதம் அதிகமென்றால் வனத்துறையில் மனு கொடுங்கள், ஓரத்தில் வலை வேலி போடுங்கள். இந்த இழையில் சொல்கிற எதையும் அங்கே செய்து பார்க்க வேண்டாம்.

இங்கேயும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். நிலக்காரர் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு வயலுக்குள் போனாலே குற்றம், சுட வேண்டியதே இல்லை. ஷாட்கன்னுக்கும் ரைஃபிளுக்கும் போலீஸ் தருகிற சான்று வேண்டும். குறைந்த சக்தி ஏர் ரைஃபிளுக்கு இங்கிலாந்தில் லைசென்ஸ் வேண்டாம், ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து வேண்டும்.

ரெடிங் ரவா:

சுட்ட முயலை என்ன செய்கிறார்கள்? அப்படியே போட்டுவிடுவார்களா?

கென்ட் காணி:

போடக் கூடாது, என்னோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதுதான். ஆகஸ்ட் வெயிலில் அரை மணியில் ஈ மொய்த்துவிடும். எடுத்த உடனே அடிவயிற்றை அமுக்கி மூத்திரத்தை வெளியேற்ற வேணும், பிறகு வயிற்றை மேலாகக் கீறிக் குடலை எடுத்துவிட்டு நிழலில் காற்றுப் படத் தொங்க விட வேணும். வண்டிப் பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் பச்சை பிடித்துவிடும். ஈரலைப் பார்க்க வேணும், வெள்ளைப் புள்ளி இருந்தால் வேண்டாம். கண் வீங்கி, காதடி வீங்கி இருந்தால் மிக்ஸோமடோசிஸ், மனிதருக்குத் தொற்றாது, ஆனாலும் சாப்பிட மனம் வராது. குட்டி முயல் என்றால் மிளகும் சீரகமும் போட்டுப் பிரட்டல், கிழடு என்றால் நேரம் எடுக்கும், தேங்காய்ப்பாலில் மெதுவாக வேக வேணும். ரவைத் துப்பாக்கியால் சுட்டது என்றால் இறைச்சியில் ரவை தேட வேணும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனம், ஈயம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை நாளில் எல்லோருமாகச் சுட்ட முயலில் பாதிக்கு மேல் சாப்பிட ஏலாமல் போகிறது, தூரம் பார்க்காமல் சுட்டுச் சிதைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு விசயத்தில் எனக்கும் மனவருத்தம் இருக்கு.

லிங்கன் டிராக்டர்காரன்:

கென்ட் அண்ணா, கடைசியில் சொன்னதற்கு நன்றி. உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் பண்ணை குத்தகை. 1880இல் கிளாட்ஸ்டன் ஆட்சியில் வந்த தரைவேட்டைச் சட்டம் (Ground Game Act) குத்தகைக்காரருக்கு முயலை எடுக்கும் உரிமையைத் தருகிறது, நில உரிமையாளர் அதைப் பறிக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டப்படி துப்பாக்கி பிடிக்கக் கூடியது குத்தகைக்காரரும், அவர் எழுத்தில் அனுமதி தந்த இன்னொருவரும் மட்டும்தானே? வேட்டை உரிமை நில உரிமையாளரிடம் இருக்கும்போது அறுவடை நாளில் ஏழெட்டுப் பேர் நிற்பது எப்படி?

கென்ட் காணி:

நில உரிமையாளர் தனியாகச் சம்மதம் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது சரி, அந்த ஏழெட்டுப் பேருக்கும் இடமில்லை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் ஏற்பாட்டில் இதை முதல் வரியாக எழுதுங்கள், பாதுகாப்பு என்று சொன்னால் தோளைக் குலுக்குகிறவர்கள் சட்டம் என்றால் நின்று கேட்பார்கள்.

எனக்கு இன்னும் அறுவடை நாளை முழுக்க விட மனமில்லை. அது ஒரு சேர்ந்து கூடுகிற நாள், கிழவர்கள் வருவார்கள், பொடியங்கள் வருவார்கள். ஆனால் வண்டி ஓடும்போது துப்பாக்கி சுட முடியாதபடி மடித்துத் திறந்தே இருக்கட்டும், கம்பைன் வயல் வாசலைத் தாண்டிப் போன பிறகு சுடுவோம் என்று என் ஆட்களிடம் இந்த வருடம் சொல்லப் போகிறேன். கேட்பார்களோ தெரியாது, நான் சொல்வேன்.

லிங்கன் டிராக்டர்காரன்:

அது போதும் அண்ணா, உண்மையிலேயே பெரிய விஷயம். நான் எழுதிக் கொடுக்கப் போவது இதுதான், குறை இருந்தால் சொல்லுங்கள். எந்த வண்டியாவது வயலில் இருக்கும்வரை யாரும் சுடக்கூடாது, என்ஜின் நின்றிருந்தாலும். அறுத்து முடித்த வயலில் சாயங்காலம் இரண்டு பேர் மட்டும், யார் எங்கே என்று பண்ணை வீட்டில் சொல்லிவிட்டு. குழிமுயல் கிடையாது. நவம்பர் முதல் மார்ச் வரை சேதமுள்ள இரண்டு ஓரங்களில் ஃபெரெட்டை (முயலை விரட்டப் பழக்கிய கீரி போன்ற சிறு விலங்கு) வளைக்குள் விட்டு, வளையின் வாயில் வலை போட்டு முயலைப் பிடிப்பது. மேற்குப் பக்கம் காட்டை ஒட்டிய ஓரத்துக்கு நிரந்தர வேலி.

ஓட்டுநர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பைன் ஓட்டுபவர் ஒரு படி மேலே போய், துப்பாக்கி தெரிந்தால் அங்கேயே வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன் என்கிறார். அறுவடை நாளில் ஒரு மணி நேரம் கம்பைன் நின்றால் என்ன நஷ்டம் என்று முதலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தைம் மேட்டுக்காரி:

நல்ல ஏற்பாடு. அறுப்பதையே ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வேலிப் பக்கமாக முடிக்க முடியுமா என்று கம்பைன் ஓட்டுபவரிடம் கேளுங்கள். நடுவில் தீவு மாதிரி பட்டை மிஞ்சாவிட்டால் முயலும் குழிமுயலும் பறவையும் முன்னாலேயே வேலிக்குள் போய்விடும், துப்பாக்கியோடு காத்திருக்கவும் இடமில்லாமல் போகும். வெட்டுப்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலம் இருக்கிற இன்றைய இயந்திரத்துக்கு இதில் பெரிய நேர இழப்பு இல்லை.

ரெடிங் ரவா:

வேலி என்றீர்களே, தோண்டுகிற விலங்குக்கு வேலி எப்படி நிற்கும்?

லிங்கன் டிராக்டர்காரன்:

கம்பி வலைதான், கண் 31 மில்லிமீட்டர், அதைவிடப் பெரிதாக இருந்தால் குட்டி நுழையும். தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர். கீழே 15 சென்டிமீட்டரை ஆழமாகப் புதைக்காமல் முயல் வருகிற பக்கம் தரையோடு மடித்துப் போட்டு மேலே புல்கட்டி வைத்துவிட வேண்டும். முயல் வேலியின் காலடியிலேயே தோண்டப் பார்க்கும், கொஞ்சம் பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. செலவுதான் பிரச்சினை, அதனால் ஒரு ஓரத்துக்கு மட்டும். வாசல் கதவின் அடியில் இடைவெளி விட்டால் போட்டதெல்லாம் வீண், அங்கே மரச்சட்டம் அடித்துவிட வேண்டும்.